சாக்கெட்டில் வரும் எக்ஸ்எம்எல் எங்கே உடைகிறது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சாக்கெட் சர்வர் எழுதி, அதில் எக்ஸ்எம்எல் செய்திகளை வாங்கிப் பிரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பைத்தானில் இருக்கும். பைத்தானுக்கு உள்ளே வேலை செய்வது எக்ஸ்பேட் என்ற பார்சர், அதாவது எக்ஸ்எம்எல்லைப் படித்துப் பிரிக்கும் நிரல். அதனால் பெர்லிலோ சி-யிலோ எக்ஸ்பேட்டைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும். ஜாவாவில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

எதைத் தேடுவதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ரிசீவ் கொடுக்கிற ஒவ்வொரு துண்டையும், வந்த நேரம், நீளம் இரண்டோடும் சேர்த்து, எந்த மாற்றமும் செய்யாமல் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். எழுத்தாக மாற்றிய பிறகு எழுதினால் பயனில்லை, பைட்டாகவே வேண்டும். இந்தக் கோப்பு இல்லாமல் பார்சரின் பிழைச் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் நாள்கணக்கில் சுற்றுவோம். நான் சுற்றியிருக்கிறேன். வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் அதில் இருக்கும் என்பதால், வேலை முடிந்ததும் மறக்காமல் அழித்துவிடுங்கள்.

என் கணினியில் ஓடுகிறது, வெளியே வைத்தால் விதவிதமான பிழை வருகிறது

எல்லோருக்கும் முதலில் வருவது இதுதான். லாக்கில் ஒருமுறை ‘நோ எலிமென்ட் ஃபவுண்ட்’ என்று இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து ‘அன்குளோஸ்டு டோக்கன்’. அப்புறம் எப்போதாவது ‘பார்ஷியல் கேரக்டர்’, நடுவில் ஒரு ‘ஜங்க் ஆஃப்டர் டாக்குமென்ட் எலிமென்ட்’. நான்கு வெவ்வேறு பிழைகள் என்று நினைத்து நான்கு இடங்களில் திருத்தப் போவோம். நோய் ஒன்றே ஒன்றுதான்.

டிசிபி என்பது குழாய். அந்தப் பக்கம் குடம் குடமாக ஊற்றியிருக்கலாம், இந்தப் பக்கம் ஒரே ஒழுக்காகத்தான் வரும். எங்கே ஒரு குடம் முடிந்தது என்று தண்ணீரில் எழுதியிருக்காது. கிளையன்ட் ஒருமுறை சென்ட் செய்தால் நமக்கு ஒருமுறை ரிசீவ் ஆகும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. ஒரு செய்தி மூன்று துண்டாக வரலாம், இரண்டரைச் செய்தி ஒரே துண்டாகவும் வரலாம்.

அப்படி வந்த துண்டை முழு ஆவணம் என்று நம்பி பார்சரிடம் கொடுத்தால், வெட்டு எங்கே விழுந்ததோ அதற்கேற்ற பிழை வரும். உரையின் நடுவே வெட்டு விழுந்தால், திறந்த டேக் மூடவில்லை என்ற பொருளில் ‘நோ எலிமென்ட் ஃபவுண்ட்’. டேக்கின் நடுவே என்றால் ‘அன்குளோஸ்டு டோக்கன்’. ஓர் எழுத்தின் பைட்டுகளுக்கு நடுவே என்றால் ‘பார்ஷியல் கேரக்டர்’. இரண்டு செய்திகள் ஒட்டி வந்தால், முதல் ஆவணம் முடிந்த பிறகும் ஏதோ இருக்கிறதே என்று ‘ஜங்க்’.

சரி, நம் கணினியில் மட்டும் ஏன் ஓடியது? லினக்ஸில் லூப்பேக் (கணினி தன்னோடே பேசும் இணைப்பு) வழியாகப் போகும் பாக்கெட்டின் உச்ச அளவு 65536 பைட். வெளியே ஈதர்நெட்டில் அது 1500. ஐபி-க்கு 20, டிசிபி-க்கு 20 போக மீதி 1460, டைம்ஸ்டாம்ப் சேர்ந்தால் 1448. நம் சோதனைச் செய்தி 3000 பைட் என்றால் உள்ளே முழுசாக வரும், வெளியே உடைந்து வரும். லூப்பேக்கிலும் ரிசீவுக்கு 4096 என்று கொடுத்துவிட்டு 5000 பைட் செய்தி அனுப்பிப் பாருங்கள், அங்கேயே உடையும்.

ஸ்லீப் வைப்பதும், பஃபர் அளவை ஏற்றுவதும் தீர்வு ஆகாது. இரண்டும் பிழையை அபூர்வமாக்கும், அவ்வளவுதான், அபூர்வமான பிழையைப் பிடிப்பது இன்னும் கஷ்டம். செய்தியின் எல்லையை யார் முடிவு செய்வது என்று முதலில் தீர்மானியுங்கள். நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒரு இணைப்புக்கு ஒரே ஆவணம் என்பது முதல் வழி: கிளையன்ட் அனுப்பி முடித்ததும் தன் பக்கத்தை மூடும். இரண்டாவது, இணைப்பு முழுவதையும் ஒரே நீண்ட ஆவணமாகப் பார்ப்பது. அரட்டைச் செய்திகளுக்கான எக்ஸ்எம்பிபி நெறிமுறை செய்வது இதைத்தான். இணைந்தவுடன் ஸ்ட்ரீம் என்ற வேர் டேக் திறக்கும், பிரியும்போதுதான் மூடும், நடுவே ஒவ்வொரு செய்தியும் வேரின் நேரடிப் பிள்ளை. மூன்றாவது, எக்ஸ்எம்எல்லுக்கு வெளியே ஓர் உறை போடுவது. டொமைன் பதிவாளர்கள் பயன்படுத்தும் இபிபி நெறிமுறையில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் 4 பைட்டில் நீளம் வரும்.

நெறிமுறையை நீங்களே வகுக்கிறீர்கள் என்றால் மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். நீளம் தெரிந்த செய்தியை முழுசாகச் சேர்த்துக்கொண்டு பார்சரிடம் கொடுக்கலாம், கெட்டுப்போன ஒரு செய்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இரண்டாவது வழியில் ஒரு செய்தி கெட்டால் அந்த இணைப்பே போய்விடும்.

இரண்டாவது வழிதான் ஏற்கெனவே இருக்கிறது என்றால், துண்டு துண்டாக ஊட்டக்கூடிய பார்சர் வேண்டும். பைத்தான் 3.4 முதல் எக்ஸ்எம்எல்புல்பார்சர் இருக்கிறது: ஃபீட் செய்யுங்கள், ரீட்-ஈவென்ட்ஸ் கேளுங்கள், வந்தவரை கொடுக்கும். வெட்டு எங்கே விழுந்தாலும் மீதி வரும்வரை அது தானே நினைவில் வைத்திருக்கும். சி-யில் லிப்எக்ஸ்எம்எல்2 பயன்படுத்துகிறவர்களுக்கு அதன் புஷ் பார்சர் இதே வேலையைச் செய்யும்.

எக்ஸ்எம்எல் சரியாகப் பிரிகிறது, தமிழ் எழுத்து மட்டும் சிதைகிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கிறவர் கண்ணில் இது படவே படாது, நம்மைப் போன்றவர்கள்தான் பிடிக்க வேண்டும்.

யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ‘வணக்கம்’ என்பதில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடுகள், ஆக 21 பைட். ஒரு சர்வரில் நான் பார்த்த பதிவு இப்படி இருந்தது:

துண்டு 1: 1448 பைட், கடைசியில் … 224 174 181 224 174
துண்டு 2: 212 பைட், தொடக்கத்தில் 163 224 174 149 224 175 141 …

224 174 181 என்பது ‘வ’. அடுத்த ‘ண’வுக்கு 224 174 163 வர வேண்டும். முதல் இரண்டு பைட் ஒரு துண்டின் கடைசியிலும் மூன்றாவது அடுத்த துண்டின் முதலிலும் போய்விட்டன. தமிழ் உரைக்குள் ஒரு வெட்டு விழுந்தால், அது எழுத்தை உடைக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு.

நிரலில் ஒவ்வொரு துண்டையும் வந்த கையோடு டீகோட் செய்திருந்தார்கள். பிழை வந்து நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பிழை வராமல் இருக்க ‘ரிப்ளேஸ்’ போட்டிருந்ததால் ‘வ��க்கம்’ என்று ஆகி, அந்த மாற்றுக்குறி எக்ஸ்எம்எல்லில் செல்லுபடியாகும் என்பதால் பார்சரும் ஏற்றுக்கொண்டு, தரவுதளம்வரை போய் உட்கார்ந்துவிட்டது. ‘இக்னோர்’ போட்டிருந்தால் இன்னும் மோசம்: ‘வக்கம்’ என்று ஆகியிருக்கும், தடயமே இருக்காது. ஒருவருடைய பெயர் நம் சர்வருக்குள் வந்து வேறு பெயராக மாறுவதை நான் சின்னப் பிழை என்று நினைக்கவில்லை.

தீர்வு எளிது. டீகோட் செய்யாதீர்கள். பைட்டை அப்படியே பார்சரிடம் ஊட்டுங்கள். எந்த என்கோடிங் என்பதை எக்ஸ்எம்எல்லின் தொடக்கத்தில் இருக்கும் அறிவிப்பு வரியைப் பார்த்து அதுவே தெரிந்துகொள்ளும், பாதி எழுத்தையும் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். வேறு காரணத்துக்காக டீகோட் செய்தே ஆக வேண்டும் என்றால் பைத்தானின் கோடெக்ஸில் உள்ள இன்கிரிமென்டல் டீகோடரை எடுங்கள், ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஒன்று.

இதற்கு ஒரு பங்காளிப் பிழையும் உண்டு. நீளத்தை முன்னால் அனுப்பும் முறையில், கிளையன்ட் பைட்டை எண்ணாமல் எழுத்தை எண்ணி அனுப்புவது. விளக்கத்துக்காக, டேக் எதுவும் இல்லாமல் ‘வணக்கம்’ மட்டும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீளம் 7 என்று சொல்லிவிட்டு 21 பைட் அனுப்புகிறது. நாம் 7 பைட்டை எடுத்துக்கொள்கிறோம். அடுத்த 4 பைட்டை அடுத்த செய்தியின் நீளம் என்று படிக்கிறோம், அது 174 149 224 175. எண்ணாகப் பார்த்தால் கிட்டத்தட்ட 293 கோடி. அவ்வளவு பைட்டுக்காக சர்வர் காத்துக்கொண்டே இருக்கும். நீளத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, மீறினால் இணைப்பை அந்த இடத்திலேயே துண்டித்து லாக்கில் எழுதினால், தவறு யாருடையது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிழையே வரவில்லை, மதிப்பின் கடைசிப் பகுதி மட்டும் கிடைக்கிறது

பொருளின் விவரம் ‘மளிகை & பாத்திரம்’ என்று அனுப்பியிருக்கிறார்கள், நமக்கு ‘பாத்திரம்’ மட்டும் வருகிறது. முகவரியில் மூன்று வரி அனுப்பினால் பின்கோடு வரி மட்டும் இருக்கிறது. சில சமயம் எந்தக் காரணமும் தெரியாமல் பெயரின் பின்பாதி.

சாக்ஸ் முறையில் (டேக், உரை என ஒவ்வொன்றும் வரும்போது பார்சர் நம் செயல்முறையை அழைக்கும் முறை) உரைக்கான கால்பேக் ஒரு டேக்குக்கு ஒருமுறைதான் அழைக்கப்படும் என்று நினைத்து, அதற்குள் ‘மதிப்பு = உரை’ என்று எழுதியிருப்போம். எக்ஸ்பேட் புதுவரி வந்தால் தனியாக அழைக்கும், ஆம்பர்சேண்ட் போன்ற என்டிட்டி வந்தால் தனியாக அழைக்கும், துண்டின் எல்லையிலும் பிரித்து அழைக்கும். ஜாவாவின் சாக்ஸும் இப்படித்தான். திறக்கும் டேக்கில் ஒரு வெற்றுப் பட்டியல் தொடங்குங்கள், உரை வரும்போதெல்லாம் அதில் சேருங்கள், மூடும் டேக்கில் ஒட்டி எடுங்கள். பைத்தானின் எக்ஸ்பேட் மாட்யூலில் பஃபர்-டெக்ஸ்ட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அது அழைப்புகளைக் குறைக்கும். ஆனாலும் சேர்த்து எடுக்கும் பழக்கத்தை விட வேண்டாம்.

சர்வர் சும்மா நிற்கிறது

பிழையும் இல்லை, பதிலும் இல்லை. கிளையன்ட் அனுப்பிவிட்டேன் என்கிறது. சர்வர் வரவில்லை என்கிறது. முதலில் அந்த மூலப் பைட் கோப்பைத் திறந்து பாருங்கள்.

அதில் எதுவுமே இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கிளையன்ட்டின் பஃபரில். எழுதிவிட்டு ஃப்ளஷ் செய்யவில்லை. இரண்டு கணினிக்கும் நடுவே, போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் கருவியை வைத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

செய்தி முழுசாக வந்திருக்கிறது, ஆனாலும் நிற்கிறது என்றால், யாரோ இணைப்பு மூடுவதற்காகக் காத்திருக்கிறார்கள். ஜாவாவில் சாக்கெட்டின் இன்புட்ஸ்ட்ரீமை அப்படியே டாக்குமென்ட்பில்டரிடம் கொடுத்தால், ஸ்ட்ரீம் முடியும்வரை அது திரும்பாது. கிளையன்ட்டோ நம் பதிலுக்காக இணைப்பைத் திறந்து வைத்திருக்கும். ஒரு இணைப்புக்கு ஒரே ஆவணம் என்றால் கிளையன்ட் தன் எழுதும் பக்கத்தை மட்டும் ஷட்டவுன் செய்யட்டும், படிக்கும் பக்கம் திறந்தே இருக்கும். பல செய்திகள் என்றால் உறை வேண்டும், அல்லது நாம் கேட்கக் கேட்க ஒவ்வொரு ஈவென்ட்டாகத் தரும் ஸ்டாக்ஸ் போன்ற பார்சர் வேண்டும்.

இபிபி எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இபிபி-யை வரையறுக்கும் ஆவணமான ஆர்எஃப்சி 5734 சொல்லும் அந்த 4 பைட் நீளத்தில், அந்த 4 பைட்டும் அடக்கம். கழிக்க மறந்தால், வராத 4 பைட்டுக்காக சர்வர் நிற்கும். அறிகுறி அப்பட்டமாக இருக்கும்: எல்லாச் செய்தியிலும் சரியாக 4 பைட் குறைவு.

கடைசியாக, 2024 முதல் வரும் ஒன்று. நேற்றுவரை நன்றாக ஓடியது, பைத்தானையோ இயங்குதளத்தையோ மேம்படுத்திய பிறகு சில செய்திகள் ஒன்று தாமதமாக வருகின்றன: இரண்டாவது செய்தி வந்த பிறகுதான் முதலாவதன் ஈவென்ட் கிடைக்கிறது. எக்ஸ்பேட் 2.6.0, 2024 பிப்ரவரியில் வந்தது. அதற்கு முன்னால், முடியாத ஒரு பெரிய டோக்கன் (ஒரு முழு டேக் போல, பார்சர் ஒரே அலகாகப் படிப்பது) கொஞ்சம் கொஞ்சமாக வந்தால், ஒவ்வொரு முறையும் அதன் தொடக்கத்திலிருந்தே பார்சர் திரும்பப் படிக்கும். அதை வைத்தே ஒரு சர்வரைத் திணறடிக்க முடிந்தது. அதைத் தடுக்க, ஒருமுறை படித்துப் பார்த்து டோக்கன் முடியவில்லை என்றால், போதுமான அளவு பைட் சேரும்வரை மறுபடி முயலாமல் தள்ளிப்போடும்படி மாற்றினார்கள். பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் வெட்டுப்பட்டு வந்த டோக்கன் இப்போது முழுமையாகிவிட்டாலும் பார்சர் அதைத் தொடாமல் வைத்திருக்கக்கூடும்.

இதற்காகவே பைத்தான் 3.13-இல் எக்ஸ்எம்எல்புல்பார்சருக்கு ஃப்ளஷ் என்ற செயல்முறை வந்தது. 3.12.3, 3.11.9 பதிப்புகளிலும் சேர்த்திருக்கிறார்கள். ஃபீட் செய்த பிறகு அதை அழையுங்கள். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் அழைத்தால் அந்தப் பாதுகாப்பை நீங்களே விலக்குகிறீர்கள் என்பதால், ஒரு செய்திக்கு இத்தனை பைட்தான் என்ற வரம்பையும் கூடவே வையுங்கள்.

முதல் செய்தி சரி, இரண்டாவதன் முதல் பைட்டிலேயே பிழை

பதிவில் இரண்டு செய்திக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 0 என்ற பைட் இருந்தால், அந்தப் பக்கம் ஃபிளாஷின் எக்ஸ்எம்எல்சாக்கெட் வழக்கத்தைப் பின்பற்றுகிற கிளையன்ட். அது ஒவ்வொரு செய்தியையும் பூஜ்ய பைட்டால் முடிக்கும். ஃபிளாஷ் 2020 முடிவோடு போய்விட்டது, ஆனால் அந்த வழக்கம் பழைய விளையாட்டு சர்வர்களிலும் சில கருவிகளிலும் இன்னும் இருக்கிறது. எக்ஸ்எம்எல்லில் பூஜ்யத்துக்கு இடமே கிடையாது என்பதால் ‘இன்வேலிட் டோக்கன்’ வரும். பூஜ்யத்தில் பிரித்துவிட்டு, அதை நீக்கிய பிறகு ஊட்டுங்கள்.

புதிய எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரி இருந்தால், அது புது ஆவணம். பழைய பார்சர் அதை ஏற்காது, புதிதாக ஒன்று உருவாக்க வேண்டும். எக்ஸ்எம்பிபி-யில் இது நெறிமுறையின் பகுதியே: இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் பேசி முடித்த பிறகும், உள்நுழைவு வென்ற பிறகும் ஸ்ட்ரீம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று ஆர்எஃப்சி 6120 சொல்கிறது. உள்நுழைவு முடிந்தவுடனே சர்வர் விழுகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், பார்சரை மாற்றினீர்களா என்று பாருங்கள்.

செய்தியின் முடிவுக்கு ஒரு தனிக் குறியைத் தேடுகிறீர்கள் என்றால், அந்தக் குறியும் இரண்டு துண்டாக வெட்டுப்படும் என்பதை நினைவில் வையுங்கள். நெட்வொர்க் சாதனங்களை அமைக்கும் நெட்கான்ஃப் நெறிமுறை முதலில் ‘]]>]]>’ என்ற ஆறு எழுத்தை முடிவுக்குறியாக வைத்திருந்தது. சரியான எக்ஸ்எம்எல்லுக்குள் அது வராது என்று நம்பினார்கள். கமென்டுக்குள்ளும் ஆட்ரிபியூட்டுக்குள்ளும் வர முடியும் என்று தெரிந்ததும், 2011-இல் ஆர்எஃப்சி 6242 நீளம் சொல்லி அனுப்பும் முறைக்கு மாறியது.

கூட்டம் கூடும்போது மட்டும் ‘மிஸ்மேட்ச்டு டேக்’

பார்சர் ஒன்று, இணைப்பு பல. ஒருவருடைய பாதிச் செய்தியோடு இன்னொருவருடைய மீதி சேர்ந்துவிடுகிறது. இணைப்புக்கு ஒரு பார்சர், ஒரு பஃபர். கிளையன்ட் பக்கம் இதே பிழை வந்தால், நம் சர்வரில் இரண்டு திரெட்கள் ஒரே சாக்கெட்டில் ஒரே நேரத்தில் எழுதுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று எழுதும்போது மற்றதைக் காக்கவைக்கும் ஒரு பூட்டு போதும்.

சிபியு நூறு சதவீதம்

ரிசீவ் வெற்று பைட் கொடுத்தால், எதிர்ப்பக்கம் மூடிவிட்டது என்று பொருள். அதைக் கவனிக்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். லூப்பை விட்டு வெளியே வாருங்கள்.

மூன்று நாள் ஓடிய பிறகு மெமரி தீர்கிறது

நீண்ட ஆவண முறையில் வரும் நோய் இது. ஒவ்வொரு செய்தியையும் முடித்ததும் கிளியர் செய்துவிட்டேன் என்பார்கள். கிளியர் செய்தால் உள்ளே இருப்பது போகும், ஆனால் அந்த வெற்று எலிமென்ட் வேரோடு ஒட்டியபடியே இருக்கும். நாளுக்கு லட்சம் செய்தி என்றால் லட்சம் வெற்றுப் பிள்ளைகள். வேரின் தொடக்க ஈவென்ட்டிலேயே அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, செய்தி முடிந்ததும் வேரிலிருந்து அந்தப் பிள்ளையை ரிமூவ் செய்யுங்கள். வேரையே கிளியர் செய்தாலும் சரிதான், ஆனால் அதன் ஆட்ரிபியூட்டுகளும் சேர்ந்து போய்விடும், தேவையானதை முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். எந்த ஆழத்தில் இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே வர வேண்டும். உள்ளே இருக்கும் பெயர், விலை போன்ற சின்ன எலிமென்ட் முடியும்போதே கிளியர் செய்தால், செய்தி கைக்கு வரும்போது காலியாக இருக்கும்.

மெமரி மெதுவாக ஏறாமல் ஒரே செய்தியில் ஜிபி கணக்கில் பாய்ந்தால், உள்ளே டாக்டைப் (என்டிட்டி என்ற சுருக்கப் பெயர்களை வரையறுக்கும் பகுதி) இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு என்டிட்டிக்குள் பத்து, அவை ஒவ்வொன்றுக்குள்ளும் பத்து என்று ஒன்பது அடுக்கு அடுக்கினால் நூறு கோடி மடங்கு ஆகும். எக்ஸ்பேட் 2.4.0 முதல் இதற்குத் தடுப்பு உண்டு. சாக்கெட் நெறிமுறைக்கு டாக்டைப் தேவையே இல்லை, வந்தால் இணைப்பைத் துண்டியுங்கள். எக்ஸ்எம்பிபி-யும் அதைத் தடைசெய்கிறது.

திருத்தியாயிற்று, சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்

முதலில் எழுதச் சொன்ன அந்தப் பைட் கோப்பு இங்கே கைகொடுக்கும். அதை மூன்று விதமாக உங்கள் நிரலுக்கு ஊட்டுங்கள்: மொத்தத்தையும் ஒரே துண்டாக, ஒவ்வொரு பைட்டாக, அப்புறம் கண்டபடி வெட்டி ஆயிரம் முறை. எல்லாவற்றிலும் ஒரே செய்திகள், ஒரே வரிசையில், ஒரே எழுத்துகளோடு வர வேண்டும். ஒவ்வொரு பைட்டாக ஊட்டும்போது எக்ஸ்பேட் தள்ளிப்போடும் சிக்கலும் கண்ணில் பட்டுவிடும், ஏனென்றால் ஒவ்வொரு டோக்கனும் அங்கே வெட்டுப்பட்டுத்தான் வருகிறது. சோதனைச் செய்தியில் ‘வணக்கம்’ இருக்கட்டும், ஓர் ஆம்பர்சேண்ட் இருக்கட்டும், இரண்டு வரி முகவரி ஒன்றும் இருக்கட்டும். கண்டபடி வெட்டும்போது ரேண்டம் விதை எண்ணை லாக்கில் எழுதுங்கள். 731-ஆவது முறையில் உடைந்தால், அதே வெட்டை மறுபடி உருவாக்க அது வேண்டும்.